நீலப் பீப்பாவும் ஆலங்குடா கிணறும்

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு உன் மாமனார், வீட்டின் பின்பக்கம் நிற்கும் நீலப் பீப்பாவின் பைப்பைத் தானே திறந்து, ஒரு கேன் நிறைய மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். இதை எனக்குச் சொன்னது உன் மனைவி பர்ஸானா. அடுப்படியில் நின்று குசினி ஜன்னல் வழியாக அவளே பார்த்திருக்கிறாள். இன்று காலை அவளுடைய உம்மாவிடமும் தொலைபேசியில் கேட்டேன். "ஓம், எடுத்தார்தான். நான் காணாத மாதிரி இருந்துட்டன்" என்றார். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதால் இதை உறுதியான செய்தியாக எழுதுகிறேன். ஒரு கேன் தண்ணீர் எடுத்தது ஒரு செய்தியா என்று நீ கேட்கலாம். செய்திதான். முழுவதையும் படித்தால் உனக்கும் விளங்கும்.

மகன், இரண்டு வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாரிலிருந்து அழைத்து, "வாப்பா, இனி அவ அந்த ஊட்டுல இருக்கத் தேவல்ல. போய் பாலாவிக்குக் கூட்டிட்டு வாங்க. உப்புத் தண்ணியில கெடந்து சாகணும் எண்டு அவவுக்கு என்ன தலையெழுத்து?" என்று கத்தினாய். நான் பார்ப்போம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கான பதில்தான் இது. தொலைபேசியில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். எழுத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. பர்ஸானா தன் வாப்பா தந்த வீட்டை விட்டு நம் வீட்டுக்கு வந்தால் அது ஒரு பெண் இடம் மாறிய கதையாக நிற்காது. ஆலங்குடாவில் அதை வேறு மாதிரித்தான் கதைப்பார்கள்: அந்த மனிதர் மகளுக்குக் கொடுத்த வீடு மனிதர் இருக்க முடியாத வீடு என்று. அவள் பிறகு திரும்பிப் போவதும் லேசாக இராது. ஆகவே முடிவெடுப்பதற்கு முன் நடந்தவற்றை நடந்த வரிசையில் தெரிந்துகொள். கலியாணமாகிச் சில வாரங்களில் நீ புறப்பட்டுவிட்டாய். உனக்குத் தெரிந்தவற்றில் பாதி கேள்விப்பட்டவை, மற்றப் பாதி அழுகையோடு சொல்லப்பட்டவை.

கலியாணம் பேசும்போது நானும் உம்மாவும் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது அவள் வாப்பாவின் பொறுப்பு, மாப்பிள்ளை அங்கேதான் குடியேறுகிறான். இது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் உன் மாமனார் அன்றைக்கு எங்களுக்கு முதலில் காட்டியது எது என்று உனக்குத் தெரியாது. புதிதாக மாபிள் பதித்த ஹோலைக் கடந்து நேரே பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டினார். தன் கையாலேயே வாளியை இறக்கி அள்ளி, கிளாசில் ஊற்றித் தந்தார். "குடிச்சிப் பாருங்க சம்மந்தி. இந்தக் கரையில இப்படியொரு கெணறு காட்டுங்க பாப்பம்" என்றார். நான் குடித்தேன். நாக்கின் ஓரத்தில் உப்பு நின்றது. "நல்லம்" என்றேன். உம்மா என்னை விடச் சாமர்த்தியசாலி. முழுக் கிளாசையும் குடித்துவிட்டு, "நல்லாக் குளிரா ஈக்கு" என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அந்தக் கிணறு ஏன் உவர்த்தது என்பதை நான் விசாரித்தேன், பத்திரிகை நிருபனின் பழக்கதோஷம். பக்கத்து வீட்டுக்காரர் கரையோரத்தில் பெருகிய ஹோட்டல்கள் மோட்டர் போட்டு இறைப்பதைச் சொன்னார். இன்னொருவர் உள்ளே தோட்டங்களுக்கு இறைப்பதைச் சொன்னார். மூன்றாமவர் கடல் கிட்டே வந்துவிட்டது என்றார். எதையும் என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. உன் மாமனாரின் கருத்து எளிமையானது: கிணறு உவர்க்கவே இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் அதே தண்ணீரில் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள், அவர்களுடைய நாக்கு அதற்குப் பழகிவிட்டது. ஆனால் செடிக்குப் பழக்கம் வரவில்லை. அன்று பர்ஸானா உன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், அரிசிப் பைகளில் மண் நிரப்பி வைத்திருந்த மிளகாயையும் கத்தரியையும் காட்டியிருக்கிறாள். "எத வச்சாலும் நுனி கருகுது மாமி. நான் கைராசி இல்லாதவ எண்டு வாப்பா செல்றார்" என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அதைக் கேட்டுத்தான் நான் பீப்பாக்களை அனுப்பினேன். நம் வீட்டில் மழைத் தண்ணீர் பிடிக்கும் அதே வகை, மூடியும் அடியில் பைப்பும் வைத்த இரண்டு நீலப் பீப்பாக்கள், ஆலங்குடாப் பேச்சில் பெரல். கலியாணத்துக்கு மறுநாள் நம் பக்கத்திலிருந்து பலகாரத் தட்டுகளும் உன் பெட்டிகளும் போன அதே சின்ன லொறியில் அவற்றையும் ஏற்றினேன். லொறி வாசலில் நின்று தார்ப்பாயைத் தூக்கியபோது அங்கே பெண் வீட்டார் நிறையப் பேர் நின்றார்கள். யாரோ ஒருவர், "என்ன, மாப்பிள்ளை தண்ணியும் கையோடயா கொண்டு வாறார்?" என்றார். இன்னொருவர், "வாப்பா பேப்பர்காரர்தானே. கெணத்தப் பத்தி எழுதத்தான் போறார் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமனாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மாலைக்குள் இரண்டு பீப்பாக்களும் வலை வைக்கும் கொட்டிலின் பின்னால் கவிழ்ந்து கிடந்தன. வீட்டைத் தந்தவரின் வாசலில், அவருடைய சனங்களுக்கு முன்னால், உங்கள் கிணறு சரியில்லை என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளலாம்தான். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் சொல்ல வேண்டியதை, பிறகு லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

நீ போன பிறகு, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மூன்று நான்கு மாதம் விடாமல் அடித்தது. அந்தக் காலத்தில் ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் ஓடுவார்கள், நீ பார்த்திருக்கிறாய். மழை என்பது பெயருக்கும் இல்லை. பர்ஸானா கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினாள். கத்தரி இலை உதிர்த்தது. மிளகாய் பூத்தது, காய்க்கவில்லை. காற்று நின்று வானம் கருத்த அன்று அவளும் அவளுடைய உம்மாவும் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு பீப்பாவை உருட்டி வந்து, கூரைத் தண்ணீர் இறங்கும் பீலியின் வாய்க்கு நேரே நிறுத்தினார்கள். உன் மாமனார் அப்போது கடலில் இருந்தார். முதல் மழையே நல்ல மழை. பீப்பா நிறைந்து வழிந்தது. உனக்கு அவள் படம் அனுப்பினாள், அதை நீ எனக்கு அனுப்பினாய். பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அவள் சிரிக்கும் அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

அந்தத் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் மிச்சமிருந்த மிளகாய்க் கன்றுகளும் கருகின. நுனி மட்டும் அல்ல, இலையின் ஓரம் முழுவதும் கடதாசியை நெருப்பில் காட்டியதுபோல் ஆனது. உன் மாமனார் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாராம். "மழத் தண்ணி, மழத் தண்ணி எண்டாங்க. இந்தா, பாருங்க. என்ட கெணறு ஒரு நாளும் இப்படிச் செஞ்சதில்ல" என்றாராம். பர்ஸானா அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உங்கட கெணறு ஆறுதலா, மெல்ல மெல்லக் கொல்லும் வாப்பா. இது கெதியாக் கொன்னுட்டுது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றிருக்கிறாள். அதற்கு அவர், "அப்ப பெரல் தந்த ஊட்டுக்கே போ" என்றார். இந்த வாக்கியத்தை மூன்று பேரிடமிருந்து கேட்டேன், உன் மாமனார் உட்பட. மூவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அவர் மட்டும் கடைசியில், "கோவத்துல செல்றதுதானே" என்று சேர்த்துக்கொண்டார். அந்தச் சேர்க்கை உன் காதுக்கு வரவில்லை. அவள் உன்னை அழைத்தாள், நீ என்னை அழைத்தாய்.

மறுநாள் திங்கட்கிழமை நான் பஸ் ஏறி ஆலங்குடாவுக்குப் போனேன். கூட்டி வருவதற்கல்ல, பார்ப்பதற்கு. உன் மாமனார் கதிரை போட்டு, பால் விடாத பிளேன்டி தந்து, கடலில் இப்போது என்ன மீன் படுகிறது என்பதைச் சொன்னார். பீப்பாவைப் பற்றி அவராகத் தொடங்கியது நுளம்பைச் சொல்லித்தான். "டெங்கு பாக்க சுகாதாரப் பீஎச்சை வந்தா யார் பதில் செல்ற சம்மந்தி? நீங்களா, நானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூடியில் வலை கட்டாதது பிழைதான் என்றேன். பிறகு பின்பக்கம் போய் பீப்பாத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கிணற்றை விட உவர்ப்பு. "நீங்க செல்றது சரி. இந்தத் தண்ணி உப்பு" என்றேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. தர்க்கத்துக்குத் தயாராக வந்த மனிதர், எதிராளி இல்லாமல் நின்றார். "நான் செல்லல்லயா?" என்று பர்ஸானாவைப் பார்த்துச் சொன்னார். ஆனால் குரலில் வெற்றி இல்லை. மழைத் தண்ணீர் எப்படி உவர்க்கும் என்பது கடலில் பிழைக்கும் அவருக்கே விளங்கவில்லை.

இங்கே உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். நீ ஸ்கூல் போகும் காலத்தில் பாலாவியில் மழைக்காலம் தொடங்கும்போது உம்மா என்ன செய்வார்? பீலிக் குழாயைக் காலால் தள்ளிப் பீப்பாவுக்கு வெளியே விட்டுவிடுவார். முதல் மழை முழுவதும் முற்றத்தில் ஓடும். ஒரு தடவை நீ, "ஏன் உம்மா வீணாக்குறீங்க?" என்று கேட்டு, அவர் உள்ளே போனதும் குழாயை மறுபடி பீப்பாவுக்குள் வைத்துவிட்டாய். வீதியில் ஓடும் லொறிகளால் கூரையில் படிந்த தூசியெல்லாம் கரைந்து பீப்பா முழுவதும் சாம்பல் நிறச் சேறு. உம்மாவின் பசளிக் கீரைப் பாத்தி சிமெந்து பூசியதுபோல் ஆனது. உன்னை ஏசவில்லை. "கூரை மொதல்ல மொகம் கழுவட்டும் மகன். பொறகு நாம எடுப்பம்" என்றார். நம் கூரையின் அழுக்கு கண்ணுக்குத் தெரியும் அழுக்கு. ஆலங்குடாக் கூரையின் அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. பீப்பாக்களை அனுப்பிய நான் இந்த ஒரு வாக்கியத்தைக் கூட அனுப்பவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அஸ்பெஸ்டஸ் சீட்டுக் கூரையில் மழை படாத மடிப்பில் விரலால் தேய்த்து, இறங்கி, விரலை உன் மாமனாரிடம் நீட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தானே கதிரையில் ஏறி, தன் விரலால் தேய்த்து, நாக்கில் வைத்தார். இறங்கும்போது ஒரு சொல்தான் சொன்னார்: "கச்சான்." மாதக்கணக்காகக் கடலிலிருந்து அடித்த காற்று உப்பைக் கொண்டுவந்து கூரையில் பூசியிருக்கிறது. முதல் மழை அதைக் கழுவிப் பீப்பாவில் சேர்த்துவிட்டது. அதற்கு மேல் அவருக்கு நான் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை.

அதோடு நான் புறப்பட்டிருப்பேன். ஆனால் அவர் அப்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த இரண்டு கேன்களை அவிழ்த்து இறக்கினார். என்ன என்று கேட்டேன். "எஞ்சின் கழுவ" என்றார். கடலுக்குப் போய் வந்த படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அதை உள்ளே இருந்து தின்றுவிடும். அதற்கென்று பாதியாக வெட்டிய ஒரு பழைய பீப்பா அவரிடம் உண்டு. "எங்க எடுத்த தண்ணி?" என்றேன். "நுரைச்சோலையில. மச்சான்ட வெங்காயத் தோட்டத்துக் கெணத்துல" என்றார். நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. சில கேள்விகளை வெளியாள் கேட்டால் அது அவமானமாகிவிடும். ஆனால் பர்ஸானா வெளியாள் இல்லையே.

"ஏன் வாப்பா, எங்கட கெணத்துத் தண்ணி எஞ்சினுக்குச் சரிவராதா?"

அவர் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு, "அது ஜப்பான் சாமான்" என்றார்.

"அப்ப நாங்க?" என்றாள் அவள்.

குசினியிலிருந்து அவளுடைய உம்மாவின் சிரிப்புக் கேட்டது, உடனே அது இருமலாக மாறியது. உன் மாமனார் கேன்களைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் நடந்துவிட்டார். எவ்வளவு காலமாக அங்கிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார் என்று பர்ஸானாவிடம் கேட்டேன். "எனக்கு அறிவு தெரிஞ்ச காலத்துல இருந்து மாமா. இண்டைக்குத்தான் யோசிச்சன்" என்றாள். ஆக, கிணறு உவர்த்தது அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தே இருந்தது. கடலில் உழைத்து மகளுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்த மனிதர் அதை மகளிடம் எப்படிச் சொல்வார் என்பதை நீ யோசித்துப் பார். நான் யோசித்தேன், எனக்கு வாக்கியம் கிடைக்கவில்லை.

புறப்படும் முன் பர்ஸானாவிடம் உன் பேச்சைச் சொன்னேன். பாலாவிக்கு வருகிறாயா என்று நேரடியாகக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை: "நான் எங்கயும் வரல்ல மாமா. இது என்ட ஊடு. உங்கட மகன் கோவப்பட்டா நான் கதைக்கிறன். மத்தப் பெரலயும் வாப்பாகிட்டக் கேட்டு எடுத்துத் தாங்க, அது போதும்." நீ அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாயா என்றும் விசாரித்தேன். கேட்கவில்லை, "வாப்பாட்ட கூட்டி வரச் சொல்லிட்டன்" என்று மட்டும்தான் நீ சொன்னதாக அவள் சொன்னாள். நான் லொறியில் பீப்பாவை ஏற்றினேன், நீ தொலைபேசியில் கட்டளையை ஏற்றினாய். இரண்டும் கேட்காமல் அனுப்பியவை. இதில் நீ என்னைப் போலவே இருக்கிறாய், இது எனக்குப் பெருமை தரும் ஒற்றுமை அல்ல.

அன்றே பீப்பாவைத் திறந்து, செடிகளுக்கு எட்டாமல் ஒழுங்கைப் பாதைப் பக்கம் ஓடவிட்டோம். பீப்பாவின் வாயில் கட்ட, அங்கேயே கிடந்த பழைய நுளம்பு வலைத் துண்டொன்றைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மழையை அவள் கூரைக்கு விட்டுவிட்டாள். அதற்கும் அடுத்த மழையைத்தான் பிடித்தாள். முந்தாநாள் நான் மறுபடி போனபோது நாக்கில் வைத்துப் பார்த்தேன்: வெறும் தண்ணீர். பீப்பா இப்போது நாலு புளொக் கல் மேல் நிற்கிறது, வாளி வைக்க வசதியாக. அந்தக் கல்லைத் தூக்கி வைத்தது யார் என்று கேட்டேன். பர்ஸானா தான் இல்லை என்றாள், அவளுடைய உம்மாவும் இல்லை என்றார். உன் மாமனார், "யாரோ வச்சீக்காங்க" என்றார். கத்தரி முற்றாகப் போய்விட்டது. மிளகாயில் ஒன்று கணுவில் தளிர் விட்டிருக்கிறது, ஆனால் இது பிழைக்குமா என்பதை இப்போதே சொல்வது சரியல்ல. வாடைக்காற்றுக் காலத்து மழை இன்னும் இருக்கிறது. அது முடிய, அடுத்த கச்சானுக்குப் பிறகு வரும் முதல் மழையை மறக்காமல் ஓடவிட வேண்டும். அப்போது நீ அங்கே இருந்தால் அது உன் வேலை.

நேற்று எடுத்த கேன் தண்ணீருக்கு வருகிறேன். அவர் அதைக் கரைக்குக் கொண்டுபோய், வெட்டிய பீப்பாவில் ஊற்றி, எஞ்சினை இறக்கி ஓடவிட்டார். சத்தத்தை பர்ஸானாவின் உம்மா கேட்டிருக்கிறார். நேற்று அவர் நுரைச்சோலைக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் நாள் முழுவதும் வாசலிலேயே நின்றது. பீப்பாவைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தன் எஞ்சினை எவ்வளவு நேசிக்கிறார் என்பது உனக்குத் தெரியும். நம்பாத தண்ணீரை அதற்குக் காட்ட மாட்டார். இதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வாக்குமூலத்தை நீ எதிர்பார்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கருத்துத்தான், செய்தியல்ல.

இன்னும் முடிவாகாதவை இவை. இரண்டாவது பீப்பா இன்றும் கொட்டிலின் பின்னால் கவிழ்ந்துதான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்னையும் உம்மாவையும் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதற்கென்று சொல்லவில்லை. நம் வீட்டில் மிச்சமிருக்கும் பீலித் துண்டைக் கொண்டுவர முடியுமா என்று பர்ஸானாவின் உம்மா கேட்டார். அவராகக் கேட்டாரா, கேட்கச் சொல்லப்பட்டாரா என்பது தெரியவில்லை. இன்னொன்றையும் கேட்டார், அது அவருடைய சொந்தக் கேள்வி அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: "மருமகன் இன்னும் கோவமாத்தான் ஈக்காரா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டிய பதில்.

வியாழக்கிழமை மாலைக்குள் உன் மாமனாரை நீயே அழை. பர்ஸானாவைக் கூட்டி வருவதைப் பற்றிப் பேசாதே. கிணற்றைப் பற்றி வாயே திறக்காதே. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள். அவர் என்ன சொன்னார் என்பதை, வெள்ளிக்கிழமை பீலித் துண்டோடு நான் அந்த வாசலில் இறங்கும்போது அவர் முகத்திலேயே பார்த்துக்கொள்கிறேன்.